மூட்டைப்பூச்சிக்கு ஜெல் வைக்கிறாரா? காசு கொடுக்காதீர்கள்

சென்னையில் வாடகை வீடு ஒன்றில் நடந்தது. மூட்டைப்பூச்சிக்கு என்று கூப்பிட்டதற்கு, வந்தவர் இருபதே நிமிடத்தில் வேலையை முடித்து 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுவரோரமாக ஸ்ப்ரே, சமையலறையில் பத்துப் பதினைந்து ஜெல் பொட்டு. பில்லில் 'ஜெனரல் பெஸ்ட் கன்ட்ரோல், ஒரு வருட கியாரண்டி'. பத்தாம் நாள் மறுபடி கடி. போன் போட்டால், "அந்த பேக்கேஜ்ல மூட்டைப்பூச்சி வராது சார்."

ஜெல், கரப்பான் தின்று சாக வைப்பது. மூட்டைப்பூச்சிக்கு ரத்தம்தான் சாப்பாடு, ஜெல்லைச் சீண்டாது. ஃபாகிங்கும் வீண்: புகை அறை நடுவே மிதக்கும், பூச்சி இடுக்கில் கிடக்கும், தப்பியது பக்கத்து அறைக்குப் போகும்.

மருந்து போகவேண்டியது கட்டிலுக்கு. மெத்தையை நிறுத்தி வைத்து, பலகையைக் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டை, கால் சேரும் மூலை, பிளைவுட் விளிம்பு, மெத்தை ஓரத் தையல் மடிப்பு என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மை தெறித்தது போலக் கரும்புள்ளி தெரியும்; ஈரப் பஞ்சால் தேய்த்தால் செம்பழுப்பாக இழுபடும். அங்கேதான் குடியிருக்கிறது. தலைமாட்டுப் படச்சட்டத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்விட்ச் போர்டில் மட்டும் திரவ மருந்து அடிக்க விடாதீர்கள். படுக்கும் பரப்புக்கு மருந்து வேண்டாம், நீராவி போதும். கருவியை மெதுவாக நகர்த்த வேண்டும். போர்வை, உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

சரியான இடத்தில் அடித்தாலும் பத்தாம் நாள் வாக்கில் மறுபடி கடிக்கலாம்; அது முட்டையின் வேலை. பெரும்பாலான ஸ்ப்ரே முட்டையை ஒன்றும் செய்யாது. 7 முதல் 10 நாளில் அது பொரியும். அதனால் 12 முதல் 15 நாளுக்குள் இரண்டாவது ஸ்ப்ரே கட்டாயம். அதுவரை மருந்து பட்ட இடுக்குகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பில்லில் 'மூட்டைப்பூச்சி, 2 சர்வீஸ்' என்று தேதியோடு எழுதி வாங்கி, பாதிப் பணத்தை இரண்டாவது சர்வீஸ் முடிந்தபின் கொடுங்கள்.

லேபிள் கிழித்த பாட்டிலோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நெடி அடித்தால்தான் மருந்து என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி நெடி அடித்த டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான லைசென்ஸையும் கேளுங்கள்.

பக்கத்து போர்ஷனிலும் கடி இருந்தால் ஹவுஸ் ஓனரிடம் பேசி இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் அடியுங்கள். யார் காசு கொடுப்பது என்பதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள்.