பாட்டிக்கு ரோபோ, பேரனுக்கு டிவி

மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் ஃபிளாட்டில் ஒரே உடற்பயிற்சிக் கருவி எல்லோருக்கும் ஒத்துவராது. எதிரே நின்று கைகாலை அசைத்துக் காட்டும், நாவோ (NAO) என்ற குட்டி மனித உருவ ரோபோ மாதிரி ஒன்று ஒரு பக்கம். போன் கேமராவில் உடம்பைப் பார்த்து டிவியில் திருத்தம் சொல்லும் ஆப் இன்னொரு பக்கம்.

முதியவர்களிடம் ரோபோதான் முந்துகிறது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபசோலாவும் மட்டாரிச்சும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தபடி கைப்பயிற்சி செய்த முதியவர்களுக்குத் திரையில் தெரிந்த ரோபோவைவிட நேரில் இருந்த ரோபோவையே அதிகம் பிடித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்டுவதும் எடுபட்டது. தமிழில் இது இன்னும் நுட்பமான விஷயம்: "கையைத் தூக்கு" என்றால் பாட்டி முறைப்பார், "கையத் தூக்குங்க பாட்டி" என்று பதிவு செய்யுங்கள். ரோபோவின் குழந்தைக் குரலை மாற்றிவிடுங்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சொலிதான். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு கட்டளைக்கும் பின் இரண்டு வினாடி இடைவெளி விட்டால் போதும்.

சிக்கல் புடவையில் வரும். முழங்காலும் கணுக்காலும் கொசுவத்துக்குள் மறைவதால் கேமரா மூட்டு எங்கே இருக்கிறது என்று ஊகித்துத்தான் புள்ளி வைக்கிறது. எட்டு முறை எழுந்து உட்கார்ந்தால் ஐந்து என்று எண்ணும். பாட்டிக்கு அத்தோடு நம்பிக்கை போய்விடும். வேட்டிக்கும் இதே கதை. முழங்காலை விட்டுவிட்டுத் தோள் ஏறி இறங்குவதை வைத்து எண்ணச் செய்தால் கணக்கு ஓரளவு சரியாகும். விழுந்தால் ரோபோ தாங்காது என்பதையும் மறக்கக் கூடாது. சக்கரமில்லாத, உட்காரும் பலகை சுமார் 17 அங்குல உயரத்தில் இருக்கும் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

பேரனுக்கு 58 செ.மீ. உயர நாவோ முதலில் அதிசயம், பிறகு பொம்மை. அதே வரிசை, அதே பாராட்டு என்றால் அலுத்துவிடும். குந்தி எழும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் ரோபோவின் கால் மோட்டார்கள் சூடாகி, அதற்கே ஓய்வு தேவைப்படும். பையன் காத்திருப்பானா? வேகமாகக் குதிக்க டிவிதான் சரி, கீழ்வீட்டுக்காரர் சம்மதித்தால். ஆனால் போனுக்கு முன்னால் இரண்டு முதல் இரண்டரை மீட்டர் காலி இடம் வேண்டும். பத்தடி ஹாலில் சோபாவையும் டீபாயையும் நகர்த்தினால்தான் அது கிடைக்கும். இல்லாவிட்டால் பாதம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

நடுவயதுக்காரர்களுக்கு இரண்டுமே சுமார்தான். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் "அருமை, அருமை" என்ற குரல் எரிச்சலூட்டும். பாராட்டை அணைத்து, எண்ணிக்கையையும் மீதி நிமிடத்தையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

நாவோ பல லட்ச ரூபாய் விவகாரம். தனி வீட்டுக்கு அது வீண். சொசைட்டி கிளப் ஹவுஸில் முதியவர் குழுவுக்கு வாங்கினால் அர்த்தமுண்டு. ஒரு சார்ஜில் 60 முதல் 90 நிமிடம் ஓடும் என்பதால், காலையில் அரைமணி வீதம் இரண்டு பேட்ச், நடுவே மோட்டார் ஆற ஒரு காபி.