காம்ஷெட்டில் ஒரு வாரம்: பறந்தது கொஞ்சம், காத்திருந்தது நிறைய

புனேவிலிருந்து லோனாவாலா போகும் லோக்கல் ரயிலில் காம்ஷெட்டில் இறங்கி, அங்கே ஒரு பாராகிளைடிங் (துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு பறப்பது) கிளப்போடு ஜனவரியில் ஒரு வாரம் இருந்தேன். ஏழு நாளுக்குப் பணம் கட்டினால் ஏழு நாளும் பறக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், அங்கே காற்றுதான் முதலாளி.

முதல் இரண்டு நாளும் தரைப் பயிற்சிதான். இறக்கையை விரித்துப் போட்டு, முன்பக்கக் கயிறுகளை இழுத்துத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி அதன் அடியில் போய் நிற்க வேண்டும். முரட்டுக் காளையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரிதான். நான் இரண்டு தடவை முள்செடிக்குள் போனேன். மூன்றாம் நாள் சின்ன மேட்டிலிருந்து ஓடும்போது சட்டென்று காலுக்குக் கீழே தரை இல்லை. அரை நிமிடம்கூட இருக்காது, ஆனால் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

வெயில் ஏறினால் தெர்மல், அதாவது தரை சூடாகி மேலே எழும் காற்று, கிளம்பிக் காற்று முரடாகிவிடும் என்று புதியவர்களைக் காலையிலும் மாலையிலும் மட்டுமே விடுகிறார்கள். யார் கெஞ்சினாலும் அசையவில்லை, அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது: முதலில் தந்த ஹெல்மெட் தலையில் ஆடியது, நானாகக் கேட்டுத்தான் மாற்றினார்கள். அப்புறம், காற்றால் வீணான இரண்டு நாளுக்குப் பதில் நாளும் இல்லை, பணமும் இல்லை. கட்டும் முன்பே அதைப் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். கணுக்காலை மூடுகிற ஷூவும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை டிபன் தினமும் போஹாதான், நம்ம அவல் உப்புமா மாதிரி.