மாட்ரிட் பழைய பத்திரிகைகளில் ஒரு ஹவானாப் பிரபு: கொழும்பிலிருந்து தேடுவோருக்கு

ஸ்பெயின் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைக் காப்பகம் இலவசம், பதிவும் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைப் படிக்கும் எங்கட ஆட்களுக்கு அருமையான வசதி. ஆனால் தேடுகிற முறை தெரியாவிட்டால் ஆள் அகப்படமாட்டார்.

உதாரணத்துக்கு ஹொசே குத்தியேரஸ் தெ லா கொன்ச்சாவைப் பாருங்கள். 1809இல் இன்றைய ஆர்ஜென்டீனாவின் கோர்டோபாவில் பிறந்தவர். அங்கே ஆளுநராயிருந்த தகப்பனை 1810 ஓகஸ்டில் புரட்சிப்படை சுட்டுக் கொன்றது. மகன் ஸ்பெயினில் தளபதியாகி, அப்போது ஸ்பெயினின் கையிலிருந்த கியூபாவை மூன்று தடவை ஆண்டு, 1868 செப்டெம்பரில் பதினொரு நாள் அளவில் பிரதமராகவும் இருந்தார். பத்திரிகைகள் முழுப்பெயரை அரிதாகத்தான் போட்டன. 'கொன்ச்சா' என்று மட்டும் தேடினால் அண்ணன் மனுவேலும் கலந்துவிடுவார். அவரும் தளபதி, துவேரோ மார்கேஸ் என்ற பிரபு. தம்பிக்கு 1857இல் கிடைத்தது ஹவானா மார்கேஸ் பட்டம். அதற்குப் பிந்திய காலத்துக்கு இந்தப் பட்டத்தை ஸ்பானிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள் அடியுங்கள்: "marqués de la Habana". குறி இல்லாவிட்டால் ஹவானாக் கப்பற்செய்தி எல்லாம் வந்து குவியும். பட்டம் இரண்டு வரியில் உடைந்து அச்சாகியிருந்தால் தேடலில் சிக்காது; அப்போது திகதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

திகதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கியூபாவில் படையிறங்கிய நார்சிசோ லோபெஸ், கொன்ச்சாவின் ஆட்சியில் 1851 செப்டெம்பர் 1 அன்று ஹவானாவில் கொல்லப்பட்டார். அந்த வாரத்து மாட்ரிட் இதழில் அது இருக்காது. அத்திலாந்திக் தந்தி நிலைத்தது 1866இல்தான். அதற்கு முன் செய்தி கப்பலில் வந்தது. ஒரு மாதம் தள்ளித் தேடுங்கள். கடிதங்களில் வரும் 'தெல் கொர்ரியெந்தே' (del corriente) என்பது 'இம்மாதம்'; கைபேசி மொழிபெயர்ப்பு அதை 'மின்னோட்டம்' என்று குழப்பக்கூடும்.

நியமன ஆணைகளுக்கு ஸ்பெயின் அரச வர்த்தமானியின் இணையத்தளம் இன்னும் நல்லது: 1661 முதல் 1959 வரை, திகதிவாரியாக.

முழு இதழையும் இறக்காமல் தேவையான பக்கத்தை மட்டும் எடுத்தால் டேட்டா மிஞ்சும். பெரிய தாள் பத்திரிகையை வெள்ளவத்தை கொமியூனிகேஷன்களில் ஏ4இல் அச்சடித்தால் எழுத்து பொடியாகிவிடும். ஏ3 கேளுங்கள், அல்லது வேண்டிய பத்தியை மட்டும் வெட்டிக் கொடுங்கள்.