பரணில் வாடியதா, பாயில் காய்ந்ததா?

உலர்ந்த திராட்சையில் ஒயின் செய்ய ஸ்பெயின்காரர்கள் வெயிலை நம்புகிறார்கள், இத்தாலியின் டஸ்கனிக்காரர்கள் நிழலை. கோர்டோபா பக்கத்து மோந்தியா-மோரிலெஸில் பாய் விரித்து, மாடியில் வடாம் போடுவதுபோல, கொத்துகளைப் பரப்பிவிடுவார்கள். அந்தத் திராட்சைக்கும் ஒயினுக்கும் ஒரே பெயர், பெட்ரோ ஹிமெனெஸ். டஸ்கனியின் வின் சான்டோ ஒயினுக்கோ திரெப்பியானோ, மால்வாசியா என்ற திராட்சைக் கொத்துகளைப் பரணில் கொக்கி மாட்டித் தொங்கவிடுவார்கள்.

வெயில் வழி சீக்கிரம் முடியும். தினமும் புரட்டி, இரவுப் பனி படாமல் மூடி வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பழம் சுருங்கிவிடும். பிழிவதுதான் பாடு. சாறு தேன்போல இறங்கும். அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் திணறிவிடும். அதனால் திராட்சை ஸ்பிரிட்டை, அதாவது வடித்தெடுத்த ஆல்கஹாலை, சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். லிட்டருக்கு 300, 400 கிராம் சர்க்கரை அப்படியே நிற்கும்.

பரணில் எல்லாம் மாதக்கணக்கு. செப்டம்பரில் பறித்ததை டிசம்பர் வாக்கில்தான் பிழிவார்கள், சிலர் மார்ச் வரைகூடக் காத்திருப்பார்கள். நடுவில் ஈரக்காற்று அடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், அழுகியதைப் பொறுக்கி எறிய ஆள் வேண்டும். ஸ்பிரிட் கிடையாது, ஈஸ்ட் எங்கே ஓய்கிறதோ அங்கேதான் ஒயினும் நிற்கும்.

உண்மையான வித்தியாசம் பீப்பாயில்தான். பெட்ரோ ஹிமெனெஸ் பெரும்பாலும் சொலேரா முறையில் முதிர்கிறது. மூத்த பீப்பாய் வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்து, அடுத்த வரிசையால் நிரப்பி, அதை அதற்கடுத்ததால் நிரப்பி என்று போகும். பல வருடத்து ஒயின்கள் கலந்துவிடுவதால் ருசி பெரிதாக மாறாது. வின் சான்டோவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கரத்தெல்லி என்ற சின்னப் பீப்பாயில், பழைய ஒயினின் அடியில் தங்கிய மண்டியோடு சாறு சேரும். அந்த மண்டியை அங்கே 'மாத்ரே', அதாவது தாய், என்பார்கள். உறை மோர் வேலைதான் அதற்கும். பிறகு கொஞ்சம் காலி இடம் விட்டு அடைத்து, கூரைக்கடியில் கோடைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துவிடுவார்கள். குறைந்தது மூன்று வருடம். பத்து வருடம் வைப்பவர்களும் உண்டு. நடுவில் திறந்து பார்ப்பது கிடையாது. ஒரு பீப்பாய் தேனாக வரும், பக்கத்துப் பீப்பாய் இனிப்பே இல்லாமல் வரும், ஒன்று வினிகராகவும் போகும்.

இத்தாலியிலேயே வெரோனா பக்கத்து அமரோனேயும் நிழலில் உலர்ந்ததுதான். ஆனால் சர்க்கரை ஏறக்குறைய முழுதும் ஆல்கஹாலாகும்வரை நொதிக்கவிடுவதால் அது சாப்பாட்டோடு குடிக்கிற சிவப்பு ஒயின்; இந்தப் போட்டியில் சேராது.

சரி, எதை எடுப்பது? வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்ற வேண்டுமா, பெட்ரோ ஹிமெனெஸ்தான். காப்பி நிறத்தில், அத்திப்பழமும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி இருக்கும். தனியாகக் குடித்தால் இரண்டாவது வாயிலேயே எனக்குத் திகட்டிவிடும். உட்கார்ந்து குடிக்க என் ஓட்டு வின் சான்டோவுக்கு. இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பும் வாதுமை வாசனையும் வரும். பாதாம் பிஸ்கட்டை அதில் தோய்த்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம்; எனக்கென்னவோ இரண்டும் வீணாவதாகத்தான் படுகிறது. வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். 'லிக்கொரோசோ' என்றிருந்தால் அது ஸ்பிரிட் சேர்த்த வகை. அந்தப் பாட்டிலை நான் அலமாரியிலேயே விட்டுவிடுவேன்.