30 டிகிரி வீட்டில் மூன்று ஈஸ்ட்

மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் ஐந்து பேரில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அவரவர் காய்ச்சிய பியரில் நாலு பாட்டில் கொண்டுவர வேண்டும், அதுதான் நுழைவுச்சீட்டு. ஒருவர் புளிப்பு பியர் தவிர வேறெதையும் தொடமாட்டார். இன்னொருவர் மூன்று வருடமாக ஒரே ஸ்டவுட் என்கிற கறுப்பு பியரைத் திருத்திக்கொண்டே இருக்கிறார், அது நன்றாக வந்து ரெண்டு வருடமாகிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. பேச்சு பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் தொடங்கும். பத்தே நிமிடத்தில் ஈஸ்ட்டுக்கும் வெப்பத்துக்கும் வந்துவிடும். சிங்கப்பூரில் வேறு வழியில்லை. என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் இராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்தாலும் தெர்மோமீட்டர் 29இல் நிற்கிறது. கையேடுகளோ "குளிர்ச்சியான நிலவறையில் வைக்கவும்" என்கின்றன. பன்னிரண்டாவது மாடியில் நிலவறைக்கு எங்கே போவது?

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் இங்கே வீட்டில் பியர் காய்ச்சலாம், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. விற்கக்கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயமாக்கக்கூடாது. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இதெல்லாம் வெறும் வாசிப்புதான், அங்கே வீட்டில் காய்ச்ச அனுமதி இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஈஸ்ட் இந்த வெயிலுக்குச் சரிப்படும் என்பது எங்களுக்குள் ஓயாத சண்டை. ஆளாளுக்கு வேறு வேறு பியரில் வேறு வேறு ஈஸ்ட்டைப் போட்டுவிட்டுப் பேசினால் தீர்ப்பு எப்படிக் கிடைக்கும்? அதனால் 18 லிட்டர் வோர்ட் ஒரே பானையில் காய்ச்சி, மூன்று வாளியில் ஆறு ஆறு லிட்டராகப் பிரித்தேன். மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி, நொதிக்கும் முன் இருக்கும் அதன் சாறைத்தான் வோர்ட் என்கிறோம். 4 கிலோ பேல் ஏல் மால்ட், கால் கிலோ மியூனிக் மால்ட். துணிப்பையில் போட்டு 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல், அப்புறம் பையைத் தூக்கிப் பிழிந்து ஒரு மணி நேரக் கொதி. கொதி தொடங்கும்போது 25 கிராம் கேஸ்கேட் ஹாப்ஸ், கடைசிப் பத்து நிமிடத்துக்கு 30 கிராம். அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இது இறங்கும்). ஏல் என்பது லாகரைவிடச் சூட்டில் சீக்கிரம் நொதிக்கும் பியர் வகை. ஒரு வாளிக்கு அமெரிக்க ஏல் ஈஸ்ட்டான யூஎஸ்-05, இன்னொன்றுக்கு ஆங்கிலேய ஏல் ஈஸ்ட்டான எஸ்-04, மூன்றாவதுக்கு நார்வேயின் வோஸ் க்வைக்.

ஈஸ்ட்டைத் தூவும் முன்பே முதல் வித்தியாசம் தெரிந்துவிட்டது. கொதித்த வோர்ட்டை ஆற வைக்கச் செம்புச் சுருள்குழாயை உள்ளே இறக்கி அதில் குழாய்த் தண்ணீரை ஓட விடுவோம். லண்டனிலோ டொரன்டோவிலோ அது அரைமணியில் 20க்கு வந்துவிடும். இங்கே குழாய்த் தண்ணீரே 29 டிகிரி. பதினைந்து நிமிடத்தில் 45க்கு வந்தது, அப்புறம் நொண்டியடித்து 37, அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் 32க்குக் கீழே போகாது. வோஸ் வாளிக்கு 37 போதும், அப்படியே தூவி மூடிவிட்டேன். மற்ற இரண்டும் ஃபிரிட்ஜில் உட்கார்ந்து 19க்கு இறங்க மறுநாள் காலை ஆகிவிட்டது. ஈஸ்ட் இல்லாத சர்க்கரைத் தண்ணீர் ராத்திரி முழுக்கச் சும்மா இருக்கிறது என்றால், வழியில் போகும் கிருமிக்கெல்லாம் விருந்து. வாளியும் மூடியும் கிருமிநாசினியில் முங்கி எழாவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

வோஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். க்வைக் என்றால் மேற்கு நார்வேயின் வட்டார வழக்கில் ஈஸ்ட், அவ்வளவுதான். அங்கே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. போன முறை காய்ச்சியதன் மண்டியை மரவளையத்திலோ துணியிலோ தடவிக் காயவைத்து, அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள். வீணாகிவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு உடனே ஊரில் பாட்டி உறைமோருக்குக் கிண்ணத்தோடு எதிர்வீட்டுக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற நார்வேக்காரர் ஊர் ஊராகப் போய் இதைப் பதிவு செய்து எழுதியதால்தான் வெளியுலகத்துக்கு இது தெரிந்தது. 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இவை தமக்குள் உறவுள்ள தனிக் கூட்டம் என்று காட்டியது. சில ஊர்களில் ஈஸ்ட்டைப் போடும்போது உரக்கக் கத்துவது வழக்கமாம், அப்போதுதான் பியர் வீரியமாக வருமாம். நான் கத்தவில்லை. கீழ்வீட்டில் கைக்குழந்தை.

மற்ற ஏல் ஈஸ்ட்டெல்லாம் 20ஐ ஒட்டிய வெப்பத்தில் நிதானமாக வேலை செய்யும். 30ஐத் தொட்டால் நெயில் பாலிஷ் வாசனையும் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹாலும் வந்துவிடும். வோஸ் 35 முதல் 40 டிகிரியில்தான் குஷியாக இருக்கும். இங்கேதான் நான் ஏமாந்தேன். முதல் முறை வாங்கியபோது, "நம்ம ஊர் வெயிலுக்கென்றே பிறந்தது" என்று வாளியைச் சமையலறை மூலையில் அப்படியே வைத்துவிட்டேன். ஏழு நாளாகியும் இழுத்துக்கொண்டே இருந்தது. ஆமாம், வோஸுக்கு நம் 29 டிகிரி குளிர்! இந்த முறை வாளியைக் கம்பளியில் சுற்றினேன். சிங்கப்பூரில் கம்பளி வைத்திருப்பதே ஊருக்கு விமானத்தில் போகும்போது போர்த்திக்கொள்ளத்தான். ஐந்து மணி நேரத்தில் குமிழ் சத்தம் கேட்டது. இராத்திரி 36 டிகிரி. இட்லி மாவு பொங்குவதுபோல நுரை மூடியை முட்டியது. மூன்றாம் நாள் அடர்த்தி 1.012, வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்த மாதிரி லேசான வோர்ட்டில் க்வைக்குக்குச் சத்து போதாது, கொதியின் கடைசியில் ஈஸ்ட் நியூட்ரியன்ட் ஒரு சிட்டிகை போடாவிட்டால் சுணங்கிவிடும்.

மண்டியை நார்வேக்காரர்போலக் காயவைக்கலாம் என்று பட்டர் பேப்பரில் தடவி மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். இந்த ஈரக்காற்றில் ரெண்டு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை, மூன்றாம் நாள் ஓரத்தில் பச்சை பூத்தது. குப்பைக்குப் போனது. இப்போது கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன்.

அடுத்தது யூஎஸ்-05. 1980இல் கலிஃபோர்னியாவின் சிகோ ஊரில் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா மதுவாலையின் ஈஸ்ட் வம்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதன் பெருமையே தன் குரலை அடக்கிக்கொள்வதுதான். மால்ட்டும் ஹாப்ஸும் பேசும், ஈஸ்ட் பேசாது. தொடங்க ஒரு நாள் எடுத்துக்கொண்டது, 19 டிகிரியில் பத்து நாள் ஓடி 1.011இல் நின்றது. லேசில் தெளியாது, கடைசியில் மூன்று நாள் 3 டிகிரியில் வைத்தால்தான் தூசி அடங்கும். ஆனால் 19 டிகிரிக்கு இங்கே ஃபிரிட்ஜ் வேண்டும். கரோசல் விற்பனைத் தளத்தில் யாரோ வீடு மாறும்போது விற்ற பழைய ஃபிரிட்ஜும், அதை இயக்கி நிறுத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன. வாளி இரண்டு போக ஒரு தக்காளிக்கும் இடமில்லை.

ஃபிரிட்ஜ் வாங்கும் முன் எல்லா வித்தையும் செய்து பார்த்தேன். ஈரத்துண்டைச் சுற்றி விசிறியைத் திருப்பிவிடு என்பார்கள். வறண்ட ஊரில் அது நடக்கும். காற்றே நனைந்திருக்கும் இங்கே ரெண்டு டிகிரி இறங்கினால் பெரிது. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் வாளியை நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுவது. அது உண்மையிலேயே வேலை செய்யும், 21 வரை பிடிக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சிவிட்டு மறுநாள் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போனேன், மதியம் திரும்பி பாட்டில் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில். பள்ளி விடுமுறை, கடற்பாலத்தில் நாலரை மணி நேரம் நின்றோம். வீட்டுக்கு வந்தபோது தொட்டித் தண்ணீர் வெந்நீர்போல, வாளிக்குள் 32. நொதித்தலின் இரண்டாம் நாள்தான் ஈஸ்ட் அதிகமாகச் சூடாகும் நேரம். 20 லிட்டர் பியரும் பெயின்ட் கடை வாசனை அடித்தது. ரெண்டு மாதம் வைத்தால் மாறும் என்று ஸ்டவுட் நண்பர் ஆறுதல் சொன்னார். மாறவில்லை.

எஸ்-04 ஐந்தே நாளில் 1.014இல் முடித்துக்கொண்டு, அடியில் சிமென்ட் மாதிரி இறுகிப் படிந்தது. மூன்றிலும் பளிச்சென்று தெளிந்தது இதுதான். லேசான ரொட்டி மணம், கொஞ்சம் பழம், நாக்கில் ஒரு இனிப்பு மிச்சம். நியாயமாக எனக்கு இது பிடிக்க வேண்டும். ஆனால் ஆங்கிலேயப் பப்பில் ஏலை 12 டிகிரியை ஒட்டி ஊற்றுவார்கள், நாம் இந்தப் புழுக்கத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 4 டிகிரி பாட்டிலைத்தான் கேட்போம். அந்தக் குளிரில் எஸ்-04இன் ரொட்டியும் பழமும் உறங்கிவிடுகின்றன, இனிப்பு மட்டும் முழித்திருக்கிறது. ஃபிரிட்ஜையும் வாங்கி, இதையும் போட்டு, கடைசியில் பாதி ருசியைக் குளிரில் தொலைப்பதற்கு எதற்கு இந்தப் பாடு?

லாகரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கான டபிள்யூ-34/70 நல்ல ஈஸ்ட்தான், ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபான் பரம்பரை. ஆனால் 12 டிகிரியில் வாரக்கணக்காக நொதித்து, அப்புறம் இன்னும் சில வாரம் உறைகுளிரில் ஓய்வு. ஒரு மாதத்துக்கு மேல் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, 1932இல் இதே ஊரில் பிறந்த டைகர் லாகரோடு போட்டி போட எனக்குப் பொறுமையில்லை. பெல்ஜியத்தின் சேசோன் ஈஸ்ட்டுகளும் சூட்டைத் தாங்கும். ஆனால் உலர் பாக்கெட்டில் வரும் ஒரு சேசோன் ஈஸ்ட், மற்ற ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் தின்னும் வகை. கழுவாத குழாயில் ஒரு துளி ஒட்டியிருந்து அடுத்த பியருக்குள் போனால் பாட்டில் வெடிக்கும். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் வேண்டாம் என்று விட்டேன்.

மூன்றையும் லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தேன். வாளிக்குப் பதினாறு பாட்டில் தேறியது. இந்த வெயில் கைகொடுக்கும் ஒரே இடம் இது, ஒரு வாரத்தில் கேஸ் ஏறிவிடும். ஏறியதும் உடனே ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 30 டிகிரியில் இன்னும் ஒரு மாதம் கிடந்தால் ஹாப்ஸ் மணம் போய் ஈர அட்டைப்பெட்டி ருசி வந்துவிடும்.

மூடிகளில் சிவப்பு, மஞ்சள், நீலப் பொட்டு ஒட்டி, எது எதுவென்று சொல்லாமல் நண்பர்களுக்கு ஊற்றினேன். மஞ்சளை ஒரு வாய் குடித்ததுமே புளிப்புக்காரர் நிமிர்ந்தார். "யாருண்ணே இதுல கமலா ஆரஞ்சுத் தோலைப் பிழிஞ்சது?" யாரும் பிழியவில்லை, அதுதான் வோஸ். கேஸ்கேட்டின் பம்ப்ளிமாஸ் கசப்போடு அந்த ஆரஞ்சும் ஒரு சின்னப் புளிப்பும் சேர்ந்து, முதல் டம்ளர் பிரமாதம். இரண்டாவது டம்ளரிலும் அதே ஆரஞ்சு. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. சிவப்பு யூஎஸ்-05. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் முதலில் காலியானது அதுதான். நீலப் பொட்டு எஸ்-04ஐ ஸ்டவுட் நண்பர் மட்டும் வெளியே அரைமணி வைத்து நிதானமாகக் குடித்தார், அவருக்கு அதுதான் முதலிடம். அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் வோஸையே சொல்வேன். ஃபிரிட்ஜ் வேண்டாம், ஐஸ் பாட்டில் வேண்டாம், ஜோகூர் போய் மாட்டிக்கொள்ளலாம், வந்து பார்த்தால் பியர் முடிந்திருக்கும். ஆனால் எதைக் காய்ச்சினாலும் அதில் வோஸ் தெரியும் என்று தெரிந்துகொண்டு காய்ச்ச வேண்டும். ஆரஞ்சு பொருந்துகிற கோதுமை பியர், ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வருடம் கழித்தும் ஆசை தீராவிட்டால் பழைய ஃபிரிட்ஜ் தேடுங்கள், யூஎஸ்-05 வாங்குங்கள், அடுத்தவர் கொண்டுவரும் பாட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நிற்கும்.

இப்போது என் ஃபிரிட்ஜில் தீபாவளிக்கான பேல் ஏல் ஒன்பதாம் நாளில் இருக்கிறது. சோபாவுக்குப் பின்னால் கம்பளிக்குள் கொத்தமல்லி விதை போட்ட கோதுமை பியர், வோஸ் போட்டு ரெண்டு நாளாகிறது. நேற்று வந்த மாமியார் கம்பளியைத் தொட்டுப் பார்த்து, "என்ன மாப்ளே இது, சூடா இருக்கு?" என்றார். "மாவு, அத்தை" என்றேன்.