கடலோர ஊரொன்றின் மாலை நேர இளையோர் மையம்: பெற்றோருக்காக ஒரு மதிப்பீடு

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர் ஒன்றில், தேவாலயப் பங்கின் சமூகநலக் கூடத்தையும் அதை ஒட்டிய மணல் மைதானத்தையும் வைத்துக்கொண்டு நடைபெறும் மாலை நேர இளையோர் மையத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்கும் அடிதடி, திருட்டு போன்ற குற்றங்களுக்கும் போய்விடாமல் தடுப்பதே நோக்கம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஊர் நிர்வாகக் குழுவும் இளைஞர் மன்றமும் நூலக வாசகர் வட்டமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. என் அக்காள் மகனும் இங்கே வருகிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. வார நாள்களில் இங்கே நடக்கும் அன்றாட வேலையை நம்பிப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம் என்பது என் முடிவு. ஆண்டுக்கொரு முறை மேடை போட்டு நடத்தும் விழிப்புணர்வு விழாவை நம்பி அனுப்ப வேண்டியதில்லை.

மையம் மாலை 5 மணிக்குத் திறந்து 8 மணிக்கு மூடுகிறது. இந்த நேரத் தேர்வே இதன் முதல் சிறப்பு. தந்தை ஆழ்கடல் தங்கு தொழிலுக்குப் போனால் திரும்பிவரப் பல வாரங்கள் ஆகும்; தாய் மீன் விற்றுவிட்டு வீடு சேர இருட்டிவிடும். பள்ளி மணி அடித்த பிறகு பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறான் என்று கேட்க ஆளில்லாத அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்கள் உதட்டுக்குள் நுழைகின்றன. ஐஸ்லாந்து நாடு இதே நேரத்தைத்தான் குறிவைத்தது. 1998-இல் அந்நாட்டின் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர், கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்தவர்களாக இருந்தனர். 2016-இல் அது 5 விழுக்காடாகவும், அன்றாடம் புகைபிடிப்போர் 23-இலிருந்து 3 விழுக்காடாகவும் இறங்கியது. பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் விளையாட்டும் இசையும், அவற்றில் சேர நகராட்சியின் பண உதவியும், பெற்றோர் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளும், இரவில் சிறுவர் வெளியே திரிவதற்கு நேரக் கட்டுப்பாடும் அங்கே ஒன்றாகச் செயல்பட்டன. அந்த நாட்டின் வருமானமோ அரசின் கை நீளமோ நமக்கில்லை. ஆனால் மேற்பார்வை உள்ள மாலைப் பொழுது என்னும் அடிப்படைக்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதை இந்த மையம் காட்டியிருக்கிறது.

இரண்டு நாள் கால்பந்து, ஒரு நாள் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும் சிலம்பமும், ஒரு நாள் நூலகமும் வீட்டுப்பாடமும், ஒரு நாள் வாழ்க்கைத் திறன் வகுப்பு என்று வாரம் பிரிகிறது. நம் கடற்கரையில் பந்துக்கு ஆள் சேர்க்கத் தண்டோரா போட வேண்டியதில்லை. ஆகவே மைதானம் நிரம்பி வழிவதை மட்டும் வைத்து மையம் வெற்றி பெற்றதாக எண்ணிவிடக் கூடாது. வெறும் விளையாட்டு போதையைத் தடுக்கும் என்பதற்குச் சான்று போதாது. ஆட்டம் முடிந்ததும் வெற்றியைக் கொண்டாட மது பாட்டிலோடு காத்திருக்கும் அண்ணன்மார் எந்த ஊர் மைதானத்துக்கும் புதியவர்கள் அல்லர். இங்கே பயிற்சியாளர் அவர்களை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்தியிருக்கிறார். மைதானத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் யாரும் குடிக்கவோ புகைக்கவோ கூடாது என்ற விதி ஊர்ப் பெரியவர்களுக்கும் பொருந்துகிறது. பந்தயத்தில் தோற்றுவிட்டு நடுவரை அடிக்கப் பாய்ந்த பையனை உடனே அனுப்பிவிடாமல், மறுவாரம் அவனையே சிறுவர் ஆட்டத்துக்கு நடுவராக்கியதும் நல்ல உத்தி.

வாழ்க்கைத் திறன் வகுப்புதான் இந்த மையத்தின் உயிர். இதில் சொற்பொழிவு கிடையாது. பிள்ளைகள் இருவர் இருவராகப் பிரிந்து, உண்மையாகவே நேரக்கூடிய ஒரு நிலைமையை நடித்துப் பார்க்கிறார்கள். ஒருவன், “ஒரு தடவ வச்சுப் பாருலே, ஒண்ணும் ஆவாது” என்று நீட்டுகிறான். மற்றவன் நட்பு முறியாமலும் தன்னைக் கோழை என்று பிறர் நகைக்காமலும் மறுக்க வேண்டும். “வேண்டாம் மக்கா, நாளைக்கு மேட்ச் உண்டு” என்று ஒருவன் சொன்னதும், அந்தப் பதில் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று மற்றவர்கள் அலசுகிறார்கள். மேட்ச் இல்லாத நாளில் என்ன சொல்வாய் என்று ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு அன்று முழு வகுப்பும் செலவாயிற்று. கோபத்தை அடக்குவது, கடன் கேட்பவனிடம் இல்லை என்பது, கைப்பேசியில் வரும் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவராமல் இருப்பது ஆகியவையும் இப்படியே பழக்கப்படுகின்றன. பயிற்சி தருபவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. யாரையும் பெயர் சொல்லிக் குற்றவாளி ஆக்குவதில்லை என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர்.

இதற்கு நேர்மாறானது ஆண்டு விழா. அழுகிய நுரையீரல், புண் பிடித்த வாய் ஆகியவற்றின் படங்களைக் கூடத்தின் சுவரெங்கும் ஒட்டுகிறார்கள். போதையிலிருந்து மீண்ட ஒருவர் தம் கதையைச் சொல்கிறார். காவல்துறை அலுவலர் ஒருவர் எச்சரிக்கிறார். இறுதியில் எல்லோரும் கைநீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு மனநிறைவு தரும் நிகழ்ச்சிதான். ஆனால் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் உலகச் சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகள் பயன் தராதவை என்று கூறும் பட்டியலில் அச்சமூட்டுவது, தகவலை மட்டும் சொல்வது, போதைக்கு அடிமையாயிருந்து மீண்டவர்களின் சாட்சியம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கி, சீருடையணிந்த காவலர்களைப் பள்ளி வகுப்பறைகளுக்கு அனுப்பிய ‘டேர்’ என்னும் போதைத் தடுப்புத் திட்டம் அமெரிக்கா முழுவதும் பரவிய பின்னரும், ஆய்வுகளில் போதைப் பழக்கத்தைக் குறைத்ததாகத் தேறவில்லை. மீண்டு வந்தவர் கண்ணீரோடு பேசும்போது, மேடையும் மாலையும் கைதட்டலும் அவருக்குக் கிடைப்பதையும் சேர்த்தே பதின்மூன்று வயதுப் பையன் பார்க்கிறான். அந்த விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் மைதானத்துக்கு இன்னொரு விளக்குக் கம்பம் நட்டிருக்கலாம்.

‘சேட்டைக்காரப் பையன்கள்’ என்று ஊர் முத்திரை குத்தியவர்களைத் தனிக் குழுவாகச் சேர்த்துத் திருத்துமாறு நிர்வாகக் குழுவில் ஒருமுறை கோரிக்கை எழுந்ததாம். மையம் அதற்கு இணங்கவில்லை. அது சரியான முடிவு. தவறும் பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டி வைத்தால் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வதே மிஞ்சும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-லேயே எச்சரித்திருக்கிறார்கள். இங்கே ஒவ்வோர் அணியிலும் எல்லா வகைப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள்.

பெற்றோர் கூட்டத்தை ஜூன், ஜூலை மாதங்களுக்கு மாற்றியது நம் கடற்கரையை அறிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஏற்பாடு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் அப்போதுதான் தந்தையரும் வீட்டில் இருக்கிறார்கள். முன்பு தாய்மார் மட்டும் வந்து அழுதுவிட்டுப் போன கூட்டம், இப்போது இரவு எத்தனை மணிக்குப் பிள்ளை வீடு சேர வேண்டும், பைக் சாவியை யார் வைத்திருப்பது என்று தந்தையரும் வாதாடி முடிவெடுக்கும் கூட்டமாக மாறியிருக்கிறது.

கடைகளின் விஷயத்திலும் மையம் சும்மா இருக்கவில்லை. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. இவற்றை எளிய தமிழில் அச்சிட்டு, இளைஞர் மன்றத்தார் கடை கடையாகச் சென்று பேசினார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்; ஒத்துக்கொள்ளாத ஒரு கடை இன்னும் அப்படியே இருக்கிறது, அதன் உரிமையாளர் நிர்வாகக் குழுவில் ஒருவருக்கு உறவினர் என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

குறைகளில் பெரியது பெண்பிள்ளைகளின் இடம். மைதானம் அவர்களுக்கு மாலை 6 மணி வரைதான். அதன் பிறகு நூலக அறை என்கிறார்கள், அந்த அறையோ பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. அடுத்தது, பள்ளியை விட்டுப் படகேறிவிட்ட பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். கையில் மீன்பிடிப் பங்குப் பணம் புழங்கும் இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்; ஆனால் கரை சேரும் நாள்களில் இவர்கள் வந்து சேர்ந்துகொள்ளும் வகையில் மையத்தின் அட்டவணை அமையவில்லை. மூன்றாவது, புகையிலையோடு பிடிபட்டவனை ஒரு மாதம் வெளியே நிறுத்தும் விதி. மாலைப் பொழுதே ஆபத்தானது என்று சொல்லித் திறந்த மையம், மிகவும் தேவைப்படும் பையனை அதே மாலைப் பொழுதில் தெருவுக்கு அனுப்புவது எந்தக் கணக்கிலும் சேராது. அவனைப் போட்டி ஆட்டத்திலிருந்து நிறுத்தலாம், வகுப்புக்கு வருவதைக் கட்டாயமாக்கலாம். பழக்கம் முற்றியவர்களை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பெற்றோருடன் அழைத்துச் செல்ல ஒரு தன்னார்வலர் இருக்கிறார்; அவர் ஒருவர் மட்டுமே என்பதும் கவலைக்குரியது.

கட்டணம் இல்லை. காலணியும் சீருடையும் வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், முடியாதவர்களுக்கு மன்றம் தருகிறது. மதம் பார்ப்பதில்லை; பக்கத்து ஊர்களிலிருந்து வரும் இந்து, இசுலாமியப் பிள்ளைகளும் அணிகளில் இருக்கிறார்கள். சேர்க்கை சனிக்கிழமை மாலைகளில் கூடத்திலேயே நடக்கிறது. பிள்ளையுடன் பெற்றோரில் ஒருவர் வந்து கையொப்பமிட வேண்டும், அவர்கள் ஊரில் இல்லையென்றால் பாட்டி வந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அணிகள் புதிதாகப் பிரிக்கப்படுவது ஆகஸ்ட் முதல் வாரத்தில் என்பதால், சேர்க்க நினைப்பவர்கள் தடைக்காலம் முடிவதற்குள் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.