ரப்பர் பூசிய ஸ்டாக்கைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்து ஏமாந்த கதை

என் ரைஃபிளின் ஸ்டாக், அதாவது தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் கட்டை, ரப்பர் பூசியது. உள்ளே கண்ணாடி இழை கலந்த கெட்டி பிளாஸ்டிக், அதன்மேல் மெத்தென்று ஒரு ரப்பர் தோல். ஈரக்கையோடு பிடித்தாலும் வழுக்காது, புதரில் உரசினாலும் சத்தம் வராது. ஒரே குறை, அட்டைக் கறுப்பு நிறம். காய்ந்த புல்லுக்கு நடுவே தனியாகத் தெரிந்தது. மண் நிறமும் மங்கிய பச்சையும் கலந்து அடித்துவிட்டால் போதும் என்று நினைத்து, இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இவரைப் போலப் பலர் இருப்பார்கள்.

அவர் காட்டிய படங்களில் மர ஸ்டாக் இருந்தது, பிளாஸ்டிக் இருந்தது, பைக் டேங்க்கூட இருந்தது. ரப்பர் ஒன்றுகூட இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. கட்டைவிரலால் ஸ்டாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக், மெட்டல், ரப்பர் எல்லாம் நமக்கு ஒண்ணுதான் சார்" என்றார். அந்த நிமிடமே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். (நல்லவேளை, குழலையும் போல்ட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஸ்டாக்கை மட்டும்தான் கொண்டுபோயிருந்தேன். அந்தப் புத்தியாவது இருந்தது.)

திரும்பி வந்தபோது அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது முறை சுடப் போனபோது கைப்பிடியில், கட்டைவிரல் அமரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அடுத்த வாரம் அது செதில் செதிலாக உரிந்தது. கன்னம் வைக்கும் பக்கம் வேறு கதை: அங்கே பெயிண்ட் காயவே இல்லை, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது.

என்ன செய்தார் என்று துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போக தின்னர் போட்டு நன்றாக ஊறத் துடைத்திருக்கிறார். பலவகை ரப்பர்கள் தின்னரை உறிஞ்சி உப்பும், மேல்பரப்பு இளகும். அப்புறம் உப்புத்தாள். மரத்தில் அது கீறல் போட்டுப் பெயிண்டுக்குப் பிடிப்புக் கொடுக்கும். மெத்தென்ற ரப்பரிலோ திரி திரியாக உருண்டு வரும். அதற்கும் மேலே, தகரத்துக்கு அடிக்கிற கெட்டியான பெயிண்ட். அடியில் இருப்பது ஒவ்வொரு பிடிக்கும் வளைகிறது, மேலே இருப்பது வளைய மறுக்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, ரப்பரை மிருதுவாக வைத்திருக்கக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து மேலே வந்து பெயிண்டை இளக்குவதும் உண்டு.

புகார் சொன்னதும், "ரப்பர்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார். தொட்டுப் பார்த்தவர் அவர்! பிறகு, நான் அழுத்திப் பிடிப்பதுதான் காரணம் என்றார். ரைஃபிளை அழுத்திப் பிடிக்காமல் பூப்போலவா பிடிப்பது? கடைசியில் இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொன்னார். அதற்கு ஒத்துக்கொண்டது என் இரண்டாவது தப்பு. பெயிண்ட் ரிமூவர் போட்டு உரித்ததில் கன்னத்துப் பக்க ரப்பர் கொப்புளித்து எழும்பிவிட்டது. குழல் அமரும் பள்ளத்திலும், பெயிண்ட் படாமலிருக்க மறைப்பு டேப் ஒட்டாமல், மறுபடி அடித்திருக்கிறார். முன்பு குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துக் கடைசிவரை இழுக்கலாம்; இப்போது பாதியில் சிக்குகிறது. குழல் ஒரு பக்கம் தொட்டுக்கொண்டிருக்க, குண்டு விழும் இடமும் நகர்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், எதைப் போட்டுத் துடைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். தின்னர், அசிடோன் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சோப்புத் தண்ணீர், நன்றாகக் காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக ஒரு துடைப்பு, இது போதும். அடுத்தது, அடிக்கப்போகும் பெயிண்ட் வளையுமா? கார் பம்பருக்கும் வினைலுக்கும் அடிப்பதற்கென்று வளையும் பெயிண்ட் இருக்கிறது. முதலில் ஒட்டுதலுக்கான பிரைமர், பிறகு மெல்லிய பூச்சுகளாக. அடுப்பில் வைப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். துப்பாக்கிகளுக்கு அடிக்கும் செராகோட் என்ற பூச்சில் எச் வரிசை சூடேற்றி இறுகவைப்பது, சி வரிசை காற்றிலேயே இறுகுவது. உலோகத்துக்கு ஏற்ற சூட்டில் ரப்பரை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எதுவானாலும், பின்புற மெத்தையைக் கழற்றினால் தெரியும் மறைவான இடத்தில் ஒரு சொட்டு அடித்து, சில நாள் விட்டு நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, எவ்வளவு நன்றாக அடித்தாலும் ரப்பரின் அந்தப் பிடிமானம் குறையும். இதை என்னிடம் யாருமே சொல்லவில்லை.

கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் நாலைந்து முறை நடந்த பிறகு. இப்போது ஸ்டாக்கில் உருமறைப்புத் துணி டேப் சுற்றியிருக்கிறேன். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். கன்னத்துப் பக்கம் மட்டும் இன்னும் ஈரம் விடவில்லை. வெயில் நாளில் குறிபார்த்துவிட்டு நிமிர்ந்தால் டேப் தாடையோடு சேர்ந்து எழுந்து வருகிறது.